ஆற்றுத் தரையை மூடிய காக்கா ஆழி: சுரண்டினால் போகுமா?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறோம். அப்பா கொசஸ்தலை ஆற்றில் உட்கார்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். சில வருடங்களாக ஆற்றுத் தரை முழுக்கக் காக்கா ஆழி என்னும் கறுப்புச் சிப்பி படர்ந்து கிடக்கிறது. அப்பாவுக்குக் கை கால் எல்லாம் கீறல். மஞ்ச மட்டியைக் காணோம், இறாலும் பாதியாகக் குறைந்துவிட்டது. கப்பலில் வந்தது என்கிறார்கள். கப்பலில் எப்படி வரும்? சுரண்டி எடுத்தால் போய்விடுமா? பிளீச்சிங் பவுடர் கொட்டினால் சாகும் என்று சிலர் சொல்கிறார்கள். இதைத் தின்னும் மீனையோ நண்டையோ கொண்டுவந்து விடலாமா? சாப்பிடலாமா, விற்கலாமா? பழவேற்காட்டில் இருக்கும் சித்தப்பா அங்கேயும் அங்கங்கே தென்படுகிறது என்கிறார். நான் கல்லூரியில் படிக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு செய்வேன்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கஷ்டமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு முழுவதிலும் சுரண்டி இதை ஒழிக்க முடியாது. அப்பா இறால் தடவும் இடத்தையும் ஊருக்குப் பாடு (முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமை) வரும் இடங்களையும் பழையபடி வெறும் சேறாக வைத்திருக்க முடியும். அதற்குத் தொடர்ந்து ஆளும் உழைப்பும் வேண்டும், விட்டுவிட்டால் பழையபடி மூடிவிடும். எங்கே கை வைப்பது, எங்கே வைக்கக்கூடாது என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏன் ஒழிக்க முடியாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தைப் பாருங்கள். 1999 மார்ச் மாதம் அங்கே படகுத் துறைகளில் காக்கா ஆழியைப் போன்ற இன்னொரு அந்நிய ஆழி அடர்த்தியாக ஒட்டியிருந்தது தெரியவந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு நடந்த ஆய்வில் அது அங்கே கிடையாது. உடனே துறைகளை மூடி, தண்ணீரில் குளோரினும் மயில்துத்தமும் கலந்து, ஆழியை முற்றாக அழித்தார்கள். அந்தத் துறைகளுக்குக் கடலோடு தண்ணீர் போய்வராதபடி அடைக்கும் கதவு இருந்தது, ஆழி வந்ததும் சீக்கிரமே கண்ணில் பட்டது. அதனால்தான் அது முடிந்தது. உள்ளே இருந்த மற்ற உயிர்களும் சேர்ந்தே செத்தன. கொசஸ்தலைக்குக் கதவு கிடையாது. தினம் இரண்டு தடவை கடல் ஏறுகிறது, இரண்டு தடவை வற்றுகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் புதுக் குஞ்சு உள்ளே வரும். பிளீச்சிங் பவுடருக்கும் இதுவே பாதிப் பதில், மீதியைப் பின்னால் சொல்கிறேன்.

கப்பல் விஷயத்துக்கு வருவோம். அறிவியலில் இதை மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா என்பார்கள். சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா கடற்கரைகள். 2014 வாக்கில் பிலிப்பைன்ஸில் தென்பட்டது, 2016-இல் சிங்கப்பூரில். கேரளத்தின் அஷ்டமுடி ஏரியில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். ஒரே கப்பல் பிரேசிலிலிருந்து நேராக எண்ணூருக்குக் கொண்டுவந்தது என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஒரு துறைமுகத்தில் குடியேறிவிட்டால் அதுவே அடுத்த இடத்துக்குத் தாய்வீடு ஆகிவிடும். சிங்கப்பூரிலிருந்து சென்னை சுமார் 1,600 கடல் மைல். மணிக்கு 14 கடல் மைல் ஓடும் கப்பலுக்கு ஐந்து நாள்கூட ஆகாது. ஆழியின் குஞ்சு எங்கேயும் ஒட்டாமல் தண்ணீரில் மிதக்கும் பருவம் அதைவிட நீளமானது.

கப்பலில் அது வரும் வழி இரண்டு. ஒன்று பாலாஸ்ட் தண்ணீர். சரக்கு இல்லாத கப்பல் மிதவையாகி ஆடும், புரொப்பல்லர் தண்ணீருக்கு மேலே வந்துவிடும். அதனால் வயிற்றிலுள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு ஓடுவார்கள். 75,000 டன் ஏற்றும் ஒரு நிலக்கரிக் கப்பல் 25,000 டன் தண்ணீரைச் சுமக்கும். நம்மூர்க் கணக்கில் 12,000 லிட்டர் மெட்ரோ வாட்டர் லாரி இரண்டாயிரத்துக்கும் மேல். அந்தத் தண்ணீரோடு ஆழிக் குஞ்சு, நண்டுக் குஞ்சு, பாசி, கிருமி எல்லாம் உள்ளே போகும். சரக்கு ஏற்றுகிற ஊரில் வெளியே கொட்டப்படும்.

‘சரக்கு ஏற்றுகிற ஊரில்’ என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடும் இடம் இது, நீங்கள் மனு எழுதும்போது தேவைப்படும். எண்ணூரில் 2001-இல் திறந்த காமராஜர் துறைமுகம் முதலில் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் கட்டப்பட்டது. நிலக்கரி இறக்கும் கப்பல் இங்கே தண்ணீரைக் கொட்டாது. எடை குறையக் குறைய நம் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கப்பல் நம் உயிர்களை வெளியூருக்கு ஏற்றுமதி செய்கிறது என்பதே சரி. கொட்டுவது பெரும்பாலும் இங்கே ஏற்றுமதிச் சரக்கு எடுக்க வரும் கப்பல். எனவே ‘நிலக்கரிக் கப்பல் பாலாஸ்டைக் கொட்டியதால் வந்தது’ என்று மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார்.

இரண்டாவது வழி கப்பலின் உடம்பு. நிலக்கரிக் கப்பலாக இருந்தாலும் இது பொருந்தும். உங்கள் ஃபைபர் படகின் அடியில் கொட்டலசு ஒட்டுவதுபோலத்தான். பெரிய கப்பலின் அடியில் செம்பு கலந்த பெயிண்ட் அடித்திருப்பார்கள், ஓடிக்கொண்டிருந்தால் எதுவும் சுலபத்தில் ஒட்டாது. பெயிண்ட் சரியாகப் படாத மூலைகளும் தண்ணீர் ஓட்டம் இல்லாத பொந்துகளும்தான் சிக்கல். எஞ்சினுக்குக் கடல்நீர் இழுக்கும் கிராதி போட்ட பெட்டி, முன்பக்கக் குறுக்குக் குழாய்க்குள் இருக்கும் விசிறி, சுக்கான் கீல், உலர்துறையில் கப்பலைக் கட்டைமேல் உட்காரவைத்தபோது பெயிண்ட் படாமல்போன அடித்தட்டுகள். தாய் ஆழியே அங்கே கொத்தாக உட்கார்ந்து பயணம் செய்யும். துறைமுகத்தின் கதகதப்பான தண்ணீருக்கு வந்ததும் முட்டையும் விந்தும் விடும். என் கணிப்பில் இவற்றில் அதிக ஆபத்தானவை தூர்வாரும் கப்பல், பார்ஜ், மிதவைக் கிரேன் மாதிரியானவை. மெதுவாக ஓடும், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும், பிறகு இழுத்துக்கொண்டு அடுத்த துறைமுகத்துக்குப் போவார்கள். மேலே சுத்தமாகத் தெரியும், அடியில் ஒரு தோட்டமே இருக்கும்.

நம் கரையிலிருந்தும் இப்படிப் போயிருக்கின்றன. நம் பச்சை ஆழி 1990 வாக்கில் கரீபியனின் டிரினிடாடில் கரையேறி, 1999-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டாம்பா விரிகுடாவில் தென்பட்டது. காக்கா ஆழியை 1986-இலேயே அதே ஃபுளோரிடாவில், ஜாக்சன்வில்லில் ஒரு மின் நிலையத்தின் தண்ணீர் இழுக்கும் குழாயில் கண்டார்கள். சென்னை வீட்டு மேல்தொட்டிகளில் பெருகி மலேரியா பரப்பும் கொசு, அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி, 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி துறைமுக நகரத்தில் தென்பட்டது. இன்று அங்கே பல நாட்டு நகரங்களில் மலேரியாவுக்கு அதுவும் ஒரு காரணம். எந்த நாட்டையும் திட்டிப் பயனில்லை. கப்பல் எதையும் ஏற்றிக்கொள்ளும்.

அடுத்த கேள்வி, வந்தது எல்லாம் ஏன் நிலைப்பதில்லை, இது மட்டும் ஏன் நிலைத்தது என்பது. பாதி காரணம் இதன் உடல்வாகு. மெதுவாகப் பழகவிட்டால் ஏறத்தாழ நன்னீர் அளவு உப்பிலிருந்து கடலைவிட அதிக உப்பு வரை தாங்கும். ஒன்றேகால் சென்டிமீட்டர் ஆனதுமே இனப்பெருக்கத்துக்குத் தயார். தீனி குறைந்தால் பெண் ஆணாக மாறக்கூடியது. மீதிப் பாதி காரணம் நம் ஆறு. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த தரை, வெந்நீர் கலக்கும் கழி, கரையெல்லாம் கான்கிரீட்டும் கல்லும் தூண்களும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மட்டியும் கற்சிப்பியும் திடமாக இருந்த தரையில் புது ஆள் உட்கார இடம் தேட வேண்டியிருக்கும். நோஞ்சானாகிவிட்ட தரையில் இடம் காலியாகக் கிடக்கிறது. ஆழியை மட்டும் எடுத்துவிட்டு சாம்பலை அப்படியே விடுகிற எந்தத் திட்டத்தையும் நான் நம்பமாட்டேன்.

இறால் ஏன் குறைந்தது? இறால் குஞ்சு கடலிலிருந்து ஏற்றத்தில் ஆற்றுக்குள் வந்து, பகலில் சேற்றில் புதைந்து, இரவில் மேய்ந்து வளரும். காக்கா ஆழி நூல்போன்ற இழைகளால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு பாய் மாதிரி விரியும். இறால் புதைய இடமில்லை. மஞ்ச மட்டி சேற்றுக்குள் இருந்து குழாயை மட்டும் மேலே நீட்டி மூச்சுவிடும், பாய் மூடினால் மூச்சு முட்டும். ஆழி கழிக்கிற மலமும் துப்புகிற சளிச் சேறும் அடியில் தங்கி அழுகிக் கருத்துவிடும். பாயைப் பிய்த்தால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதல்லவா, அது இதுதான்.

வேலையைத் தொடங்குமுன் அடையாளத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். நாட்டு ஆழியைச் சுரண்டிவிட்டு வருந்தக்கூடாது. பச்சை ஆழிக்கு ஓட்டின் விளிம்பு பச்சையாக மின்னும், மூக்கு கூர்மையாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். காக்கா ஆழி கரும்பழுப்பு அல்லது கறுப்பு, சிலவற்றில் அலைக்கோடு ஓடும், பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர், உள்பக்கம் ஊதா ஓடியிருக்கும். டார்வினைப் படுத்திய ஆழியும் நம் கிழக்குக் கரைக்குப் பழையது, 1967-லேயே விசாகப்பட்டினத்தில் பதிவானது. அதன் ஓட்டைத் திறந்தால் மூக்குக்கு உள்ளே சின்ன அலமாரித் தட்டு மாதிரி ஒன்று குறுக்கே இருக்கும், காக்கா ஆழிக்கு அது இல்லை. ஓட்டின்மேல் முடி மாதிரி இருந்தாலோ வரிவரியாக மேடு இருந்தாலோ அது நம் ஊர்ச் சின்ன ஆழியாக இருக்கலாம், ஒதுக்கிவையுங்கள். சந்தேகம் இருப்பவற்றில் பத்துப் பதினைந்தை எத்தனால் (ஆல்கஹால்) கரைசலில் போட்டு, எடுத்த இடமும் தேதியும் எழுதி, கல்லூரி விலங்கியல் துறையிடம் கொடுங்கள்.

பிறகு அளவெடுப்பு. இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஊருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி இதுதான். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரமாக பிவிசி குழாயில் ஒரு சட்டம் செய்யுங்கள். குழாயில் துளை போடுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும் நேரத்தில், முகத்துவாரத்திலிருந்து மேலே போகப்போக ஒரு பத்து இடத்தில் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். ‘நிறைய இருக்கிற இடம்’ என்று தேர்ந்தெடுத்துப் போட்டால் கணக்கு பொய்யாகிவிடும். சட்டத்துக்குள் இருக்கிற ஆழியை முழுக்க எடுத்து எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று வரும். ஓடு திறந்த மட்டியும் உயிருள்ள மட்டியும் தனித்தனியாக எண்ணுங்கள். போனில் இடக்குறியோடு படம் எடுங்கள். உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், உவர்நீர் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் எவரிடமும் அது இருக்கும்.

அதோடு ஊரில் ஒரு நோட்டு. தேதி, இடம், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த இறால் எத்தனை கிலோ. இவ்வளவு போதும். ‘இறால் குறைந்துவிட்டது’ என்று சொன்னால் கோர்ட்டில் அது புலம்பல். ஆறு மாத நோட்டில், பாய் மூடிய இடத்தில் ஆளுக்கு மணிக்கு இத்தனை கிராம், மூடாத இடத்தில் இத்தனை கிராம் என்று இருந்தால் அது சாட்சி. இந்த ஆழி விவகாரத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விசாரித்திருக்கிறது. அங்கே பேசுவதற்கு எண் வேண்டும்.

அகற்றும் வேலையை இருபதுக்கு இருபது மீட்டர் அளவுள்ள ஒரே ஒரு பாடு இடத்தில் முதலில் செய்து பாருங்கள். பேராசை வேண்டாம். சதுர மீட்டருக்குப் பத்தாயிரம், ஒன்று ஒரு கிராம் என்று வைத்தாலே சதுர மீட்டருக்குப் பத்து கிலோ, 400 சதுர மீட்டருக்கு நான்கு டன். ஒட்டியிருக்கும் சேற்றைச் சேர்த்தால் இன்னும் அதிகம். தடவைக்கு 400 கிலோ தூக்கும் சின்னப் படகுக்குப் பத்து நடை. சேற்றைத் தோண்ட வேண்டாம். தட்டையான கொத்துவாரியால் பாயின் ஓரத்தைக் கிளப்பி, சுருட்டித் தூக்குங்கள். தோண்டினால் அடியில் மிஞ்சியிருக்கும் மட்டியும் புழுவும் சாகும், அழுகல் சேறு கிளம்பிப் பக்கத்து இடத்தையும் கெடுக்கும். வலைப்பையில் போட்டால் சின்னது எல்லாம் கீழே ஒழுகி ஆற்றில் விழுந்துவிடும், அதனால் பின்னிய அரிசிச் சாக்கில் போடுங்கள். உயிருள்ள மஞ்ச மட்டி, கற்சிப்பி, நண்டு அகப்பட்டால் அங்கேயே திருப்பி விடுங்கள்.

எல்லோரும் செய்கிற தவறு, சுரண்டியதைக் கரையோரத் தண்ணீரிலேயே தள்ளிவிடுவது. கொத்தாக விழுந்த ஆழி அடித்துப் போகும் இடத்தில் புது இழை விட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். அடிபட்டால் சாகும் முன் முட்டையை விட்டுவிடவும் செய்யும். ஏற்றத் தண்ணீர் தொடாத மேட்டில், கிணற்றுக்குத் தள்ளி, பஞ்சாயத்திடமோ மாநகராட்சியிடமோ கேட்டு வாங்கிய இடத்தில் குழி வெட்டிப் போட்டு, ஒரு முழம் மண்ணால் மூடுங்கள். மூடாமல் விட்டால் இரண்டாம் நாளே ஈயும் நாற்றமும் ஊரைத் துரத்தும், அதோடு அடுத்த முறை யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். மீன்வளத் துறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

சுத்தம் செய்த இடத்தில் குஞ்சு மறுபடி விழும். எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பதைத் தகடு தொங்கவிட்டுக் கண்டுபிடியுங்கள். பதினைந்து சென்டிமீட்டர் சதுர பிவிசி தகட்டை உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் சொரசொரப்பாக்கி, நைலான் கயிற்றில் கல் கட்டி, நீர் முழுக்க வற்றினாலும் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும்படி கட்டுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூக்கிப் படம் எடுங்கள். குஞ்சு இரண்டு மூன்று மில்லிமீட்டரில் இருக்கும்போது அகலத் துடைப்பத்தால் தள்ளினாலே பெயர்ந்துவிடும், நகத்தளவு ஆனால் மறுபடி கொத்துவாரி எடுக்க வேண்டும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, தகடு காட்டும் வளர்ச்சியைப் பார்த்து இடைவெளியைத் திருத்திக்கொள்ளுங்கள். முட்டை விடும் அளவு வருமுன் எடுத்துவிட வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டி அடியுள்ள பூட்ஸ், வெட்டுப்படாத கையுறை இல்லாமல் எவரையும் இறக்காதீர்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் சில கிருமிகள் சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போய், ஒரே நாளில் காலைப் பறிக்கும் அளவுக்கு முற்றும். கீறல் பட்டால் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் உடனே கழுவுங்கள். சர்க்கரை வியாதி, கல்லீரல் வியாதி உள்ளவர்களை இறங்கவே விடாதீர்கள். கீறலைச் சுற்றி வீங்கி, சூடேறி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், ‘கழித்தண்ணீரில் ஆழி கிழித்தது’ என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு டிடி ஊசி போட்டு எத்தனை வருடம் ஆகிறது என்று கேளுங்கள்.

பிளீச்சிங் பவுடர், மயில்துத்தம், சுண்ணாம்பு, பூச்சிமருந்து எதுவும் கூடாது. குளோரின் பட்டதும் ஆழி ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாட்கணக்கில் உள்ளே காத்திருக்கும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் வரும் வழியில் பச்சை ஆழி ஒட்டாமல் இருக்கக் குளோரின் கலக்கிறார்கள், அது அடைபட்ட குழாய், அளந்து கலப்பது. திறந்த ஆற்றில் கொட்டினால் ஓட்டை மூடத் தெரியாத இறால் குஞ்சும் மீன் முட்டையும்தான் முதலில் சாகும். இறாலைக் காப்பாற்றக் கிளம்பி இறாலைக் கொன்றதாக முடியும்.

தின்னும் பிராணியை வெளியிலிருந்து கொண்டுவந்து விடுவதும் கூடாது. கருங்கடலுக்கு 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பாலாஸ்ட் தண்ணீரில் ஒரு சீப்பு இழுது (சொறிமீன் மாதிரி வழுவழுப்பான கடல் பிராணி) வந்து, பத்து வருடத்துக்குள் நெத்திலி மீன்பிடிப்பைச் சரித்தது. 1997-இல் அதையே தின்னும் இன்னொரு இழுது, அதுவும் தற்செயலாக, வந்து சேர்ந்த பிறகு நிலைமை தேறியது. இந்தக் கதையை வைத்து ‘நாமும் விடலாம்’ என்பார்கள். அங்கே வந்தது மற்ற சீப்பு இழுதுகளைத் தவிர வேறெதையும் அதிகம் தின்னாத பிராணி. ஆழியை மட்டும் தின்று, மட்டியைத் தொடாத பிராணி கிடையாது. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கழி நண்டும் திருக்கையும் ஓடு உடைத்துத் தின்னக்கூடியவை. குஞ்சு நண்டையும் முட்டை நண்டையும் பிடிக்காமல் விடுவதென்று ஊர்க் கூட்டத்தில் முடிவெடுத்தால் அது ஒழிப்பு இல்லை என்றாலும் நல்ல துணை.

சாப்பிடும் விஷயம். பிரேசிலில் இதைச் ‘சுருரு’ என்று சமைத்து ருசித்துச் சாப்பிடுகிறார்கள், விஷம் கிடையாது. ஆனால் ஆழி தண்ணீரை வடிகட்டி உயிர்வாழும் பிராணி. ஆற்றில் சாம்பலும் கன உலோகமும் எண்ணெயும் இருந்தால் அதெல்லாம் அதன் சதையில் சேரும், கொதிக்கவைத்தாலும் ஈயமும் காட்மியமும் போகாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சதையைச் சோதித்து முடிவு வராதவரை கொசஸ்தலை ஆழியை மனிதரும் சாப்பிட வேண்டாம், கோழிக்கும் இறால் பண்ணைக்கும் தீனியாகவும் போட வேண்டாம். விற்பதில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. காசு வருகிற பொருள் ஆகிவிட்டால், இல்லாத கழிகளிலும் யாராவது விதைத்துவிடுவார்கள். சுண்ணாம்புக்கும் பெரிதாக உதவாது, ஓடு மெல்லியது.

பழவேற்காட்டுக்கு வருகிறேன், உங்கள் சித்தப்பாவின் பயம் நியாயமானது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. எண்ணூரிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தண்ணீரோடு குஞ்சு போகும், அதை நிறுத்த முடியாது. ஆனால் வலையிலும் படகிலும் தாய் ஆழியைச் சுமந்துபோவதை நிறுத்தலாம். எண்ணூரில் ஓடிய படகைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோகுமுன் கரையில் ஏற்றி, ஒட்டியதை எல்லாம் மண்மேல் சுரண்டி, அடியில் தேங்கிய தண்ணீரைக் கரையிலேயே வடித்துவிட்டு, ஐந்து முழு நாள் வெயிலில் போடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கூட்டுங்கள். எஞ்சினைத் தூக்கி, தண்ணீர் இழுக்கும் வாயில் நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள். வலையைக் குவித்துப் போட்டால் நடுவில் ஈரம் நின்று ஆழி பிழைத்திருக்கும், விரித்துத்தான் காயப்போட வேண்டும். அவசரம் என்றால் வெந்நீர். 60 டிகிரி வெந்நீர் பத்து விநாடி பட்டாலே வரிக்குதிரை ஆழி என்னும் நன்னீர் ஆழி செத்துவிடும் என்பது அமெரிக்க ஏரிகளில் படகு கழுவுகிறவர்கள் பின்பற்றும் அளவு. காக்கா ஆழிக் கொத்துக்கு உள்ளே சூடு இறங்க நேரமாகும், கொத்தை உடைத்துவிட்டு ஒரு நிமிடமாவது ஊற்றுங்கள். சித்தப்பாவின் ஊரில் துறை, பாலத்தூண், படகு கட்டும் இடம் மூன்றிலும் அதே தகட்டைத் தொங்கவிடச் சொல்லுங்கள். கைப்பிடி அளவு இருக்கும்போது கண்டால் ஒரு மதியத்தில் எடுத்துவிடலாம்.

கடைசியாகத் துறைமுகத்தின் பக்கம். வந்த ஆழியை விட, வரப்போகிற அடுத்ததைத் தடுப்பதுதான் அங்கே செய்ய வேண்டியது. சர்வதேச கடல்சார் அமைப்பின் பாலாஸ்ட் தண்ணீர் உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடுக்கடலில், கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், குறைந்தது 200 மீட்டர் ஆழமுள்ள கடலில் தண்ணீரை மாற்றினால் போதும் என்றிருந்தது. 2024 செப்டம்பரோடு அந்தக் காலம் முடிந்தது, கப்பலிலேயே வடிகட்டி, புற ஊதா ஒளியாலோ குளோரினாலோ சுத்தம் செய்து, 50 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) மேற்பட்ட உயிர் ஒரு கனமீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்கும்படிதான் கொட்ட வேண்டும். நல்ல விதி. ஆனாலும் 25,000 கனமீட்டருக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை லட்சம் உயிர்வரை சட்டப்படியே வரலாம். சேறு கலந்த துறைமுகத் தண்ணீரில் வடிகட்டி அடைக்கும், புற ஊதா ஒளி ஊடுருவாது. கருவியைத் தவிர்த்து நேராகத் தண்ணீரை விடும் ஆசை மாலுமிகளுக்கு வருவது அப்போதுதான். கப்பலின் உடம்பில் ஒட்டி வருவதற்கோ உலகளவில் இன்னும் வழிகாட்டு நெறிதான் உண்டு, 2011-இல் வந்து 2023-இல் திருத்தப்பட்டது, கட்டாயமாகவில்லை.

ஆகவே மனுவில் ‘பாலாஸ்டை நிறுத்து’ என்று பொதுவாக எழுதாமல் நான்கு விஷயத்தைக் குறிப்பாகக் கேளுங்கள். துறைமுகத்துக்குள் தூர்வாரும் கப்பலோ பார்ஜோ வருமுன் அதன் அடிப்பாகத்தையும் கடல்நீர்ப் பெட்டிகளையும் நீருக்கடியில் படமெடுத்த அறிக்கை வேண்டும், ஆழி இருந்தால் உலர்துறையில் கழுவிய பிறகே அனுமதி. துறைமுகத்தில் நின்றபடி கப்பல் அடியைச் சுரண்டினால் சுரண்டியதை உறிஞ்சிப் பிடிக்கும் கருவி இல்லாமல் செய்யக்கூடாது. சரக்கு ஏற்றவந்து தண்ணீர் கொட்டிய கப்பல்களின் பாலாஸ்ட் பதிவேட்டுச் சுருக்கம், எந்த ஊர்த் தண்ணீர், எத்தனை டன் என்பது, மாதம் ஒருமுறை வெளியிடப்பட வேண்டும். துறைமுகப் படுகைக்குள் தகடு தொங்கவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்து அதையும் வெளியிட வேண்டும். பதிவேட்டு விவரத்தைப் பொதுத்துறைத் துறைமுகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இப்போதே கேட்கலாம். கேட்கும்போது ‘எல்லா விவரமும்’ என்று எழுதாதீர்கள். எந்த வருடம், எந்தத் துறை மேடை, பாலாஸ்ட் கொட்டிய கப்பல்கள் மட்டும் என்று குறுக்கிக் கேட்டால்தான் பதில் வரும்.

அடுத்த அமாவாசைக்கு முன் சட்டமும் நான்கு தகடும் தயாராக இருக்கட்டும். முதல் சட்டத்தை அப்பா காலம்காலமாக உட்காரும் இடத்தில் போடுங்கள், மட்டி எங்கே இருந்தது என்று அவர் காட்டும் எல்லையையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எல்லை வேறு எந்த அறிக்கையிலும் கிடைக்காது.